அறை எண் 108

திண்டுக்கல் டவுனிலும், பழனி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, நத்தம் பக்கங்களிலும் இண்டர்காம் மாட்டிக் கொடுக்கும் தோழர்களுக்கு, அதே தொழிலில் இருக்கும் ஒருவன் எழுதுவது.

லாட்ஜுக்கு இண்டர்காம் போடும்போது அறை எண்ணையே எக்ஸ்டென்ஷன் எண்ணாகப் போட்டுவிடுவது நம் வழக்கம். 101-ம் அறைக்கு 101, 102-ம் அறைக்கு 102. ரூம் பாய்க்குச் சுலபம், தங்க வருகிறவருக்குச் சுலபம், நமக்கும் தனியாக ஓர் அட்டவணை எழுதும் வேலை மிச்சம். அந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடுராத்திரி. 104-ம் அறையில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. மொபைலில் சார்ஜ் இல்லை, அல்லது பதற்றத்தில் கைக்கு அகப்படவில்லை. கட்டில் பக்கத்தில் போன் இருக்கிறது. அவர் மனைவி ரிசீவரை எடுத்து 1, 0, 8 என்று அழுத்துகிறார். நாலு கதவு தள்ளி 108-ம் அறையில் மணி அடிக்கிறது. அங்கே ஆள் இருந்தால் தூக்கக் கலக்கத்தில் எடுத்து 'ராங் நம்பர்' என்று வைத்துவிடுவார். அறை காலியாக இருந்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும்.

இண்டர்காம் மெஷின் மேல் குற்றமில்லை. 1-ல் ஆரம்பிக்கும் மூன்று இலக்கம் வந்தால் அது உள் எண் என்று நாம்தான் அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ஆம்புலன்ஸ் 108, போலீஸ் 100, தீயணைப்பு 101, எல்லாவற்றுக்கும் பொதுவான 112, நான்குமே அதே 1-ல்தான் ஆரம்பிக்கின்றன. தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் வந்தது. அதற்கு முன்பே போட்ட மெஷின்களுக்கு 108-ஆல் வரும் சிக்கல் தெரிந்திருக்க நியாயமில்லை. அதற்குப் பிறகு நாம் போட்டவற்றுக்கும் அதே எண் வரிசையையே கொடுத்து வந்திருக்கிறோம்.

மருத்துவமனைகளில் இன்னும் மோசம். 101 ரிசப்ஷன், 108 லேப், 112 பார்மஸி என்று அமைந்த இடங்கள் உண்டு. தீ என்று பதறி 101 அடிப்பவருக்கு ரிசப்ஷன் எடுக்கும். அதுவும் ரிசப்ஷனில் ஆள் இருந்தால்.

உள் எண் மோதாவிட்டாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. வெளி லைன் எடுக்க முதலில் 0 போட வேண்டும், சில மெஷின்களில் 9. அறையில் தங்க வந்த வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. தெரிந்து போட்டாலும், அறைக்கு வெளி அழைப்பே கூடாது என்று நாம் அடைத்து வைத்திருப்போம். பில் யார் கட்டுவது என்று லாட்ஜ்காரர் கேட்பார், நியாயம்தான். ஆனால் நூறு ரூபாய் பில்லுக்குப் போட்ட அடைப்பு ஆம்புலன்ஸையும் சேர்த்து அடைக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊரில் 2013 டிசம்பரில் நடந்தது இது. விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்பட்டார். கூட இருந்த அவருடைய ஒன்பது வயது மகள், சொல்லிக் கொடுத்திருந்தபடி, அறைத் தொலைபேசியில் அவசர எண் 911-ஐத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். லைன் போகவில்லை. அந்த விடுதியில் வெளி லைனுக்கு முதலில் 9 போட வேண்டும் என்பது குழந்தைக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்துபோனார். தாத்தா விடாமல் போராடியதில் அந்தப் பெண்ணின் பெயரால் காரி சட்டம் 2018-ல் நிறைவேறியது. 2020 பிப்ரவரி 16-லிருந்து அங்கே புதிதாக மாட்டும் எந்த அலுவலகத் தொலைபேசி அமைப்பிலும், முன்னால் எந்தக் குறியீடும் போடாமல் நேராக 911 போக வேண்டும். அழைப்பு போகும்போதே ரிசப்ஷனுக்கோ பாதுகாப்பு அறைக்கோ தகவல் வர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. எந்த அறையிலிருந்து போனது என்று தெரிந்தால்தானே மேலே ஓட முடியும்.

நம் ஊரில் 2024 டிசம்பர் 12 இரவு, தனியார் மருத்துவமனை ஒன்றில் தீப்பிடித்து, லிஃப்டில் சிக்கியவர்கள் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே தொலைபேசியால் ஏதும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு, நாம் ஒயர் இழுத்த கட்டடங்களில் லிஃப்டுக்குள் இருக்கும் போன் எங்கே போய் அடிக்கிறது என்று ஒருமுறையாவது அழுத்திப் பார்க்கும் கடமை நமக்கு வந்துவிட்டது என்றுதான் சொல்கிறேன். செக்யூரிட்டி ஷெட்டை இடித்து மாற்றிக் கட்டியபோது அந்த எக்ஸ்டென்ஷன் சுவருக்குள் அறுந்து கிடப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. உள் எண்களை 1-லிருந்து நகர்த்துங்கள். நான்கு இலக்கம் ஏற்கும் மெஷினாக இருந்தால் அறை எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேருங்கள், 108-ம் அறைக்கு 2108 என்று. மூன்று இலக்கம் மட்டுமே எடுக்கும் சின்ன மெஷின் என்றால் அந்தக் கட்டடத்தில் இல்லாத மாடியின் எண்ணை முதல் இலக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடி லாட்ஜுக்கு 6-ல் ஆரம்பிக்கும் வரிசை கொடுத்தால் யாரோடும் மோதாது. மெஷினில் அவசர எண் பட்டியல் என்று ஒன்று இருக்கும், புரோகிராமில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். 112, 108, 100, 101 நான்கையும் அதில் ஏற்றுங்கள். எந்த அடைப்பும் அந்தப் பட்டியலைத் தொடாது. ஏற்றியதோடு விட்டுவிடாமல் ஓர் அறையிலிருந்து 108-ஐ உண்மையாகவே அடித்து, எடுத்தவரிடம் 'சோதனை அழைப்பு, மன்னிக்கவும்' என்று சொல்லிவிட்டு வையுங்கள். பேசாமல் வைத்துவிடாதீர்கள், அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று, கரண்ட். செம்புக் கம்பியில் வந்த பழைய லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டானாலும் டயல் டோன் இருக்கும். மெஷின் செத்தாலும் முதல் லைன் தானாக ஒரு குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனுக்குத் தாவும்படி வைத்திருந்தார்கள். இப்போது ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் லைனும் இல்லை. கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். இருக்கும், மெஷினுக்கும் இருக்கும், சுவரில் தொங்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டிக்கு இருக்காது. அதன் அடாப்டரை அதே யு.பி.எஸ்.ஸில் செருகிவிட்டு வாருங்கள்.

அடுத்தது 0.

2021 ஜனவரி 15-லிருந்து லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலுக்குப் பேசினாலும் முன்னால் 0 போட வேண்டும் என்று ஆனது. அதற்கு முன் தமிழ்நாட்டு மொபைலுக்குப் பத்து இலக்கம் போதும், வெளி மாநில மொபைலுக்கு மட்டும்தான் 0. மொபைல் எண்கள் தீர்ந்துகொண்டு வந்ததால், 0-வைக் கட்டாயமாக்கி சுமார் 254 கோடி புதிய எண்களுக்கு இடம் உண்டாக்கினார்கள். வீட்டு போன்காரர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. நமக்கு அந்த மாதம் முழுக்கப் போன் ஓயவில்லை. 'மொபைலுக்கே போக மாட்டேங்குது சார்' என்று மில், மண்டி, வங்கி, பள்ளிக்கூடம் எல்லா இடத்திலிருந்தும் அழைப்பு.

ஏன் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எஸ்.டி.டி. காசு அதிகமாக இருந்த காலத்தில் நாம் எல்லா மெஷினிலும் ஒரு வரி எழுதி வைத்திருந்தோம்: வெளி லைனில் முதல் இலக்கம் 0 என்றால் தடு. அந்த ஒரு வரி எஸ்.டி.டி.யையும் தடுத்தது, 00-வில் ஆரம்பிக்கும் ஐ.எஸ்.டி.யையும் தடுத்தது. இரண்டுக்கும் ஒரே வாசல், ஒரே தாழ்ப்பாள். 2021-ல் மொபைலும் அதே 0 வழியாகப் போக வேண்டி வந்ததும் அவசரத்தில் அந்தத் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு மொபைல் போனது, சந்தோஷம். ஐ.எஸ்.டி.யும் அன்றைக்கே திறந்துகொண்டது. கேட் செக்யூரிட்டி போனிலிருந்தும், பாலிஷ் போட்டுப் பளபளக்கும் கான்ஃபரன்ஸ் ஹால் போனிலிருந்தும், ஆள் இல்லாத ஸ்டோர் ரூம் போனிலிருந்தும் உலகத்தின் எந்த நாட்டுக்கும் பேசலாம் என்ற நிலையில் இன்றும் எத்தனையோ மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

0-வைத் திறந்துவிடுங்கள். 00-வைத் தனி வரியாக எழுதித் தடுங்கள். நூல் ஏற்றுமதி பார்க்கிறவர், வெளிநாட்டுத் தோல் வியாபாரம் பார்க்கிறவர் என்று யாருக்காவது ஐ.எஸ்.டி. உண்மையிலேயே வேண்டுமென்றால் அந்த ஒரு மேஜைக்கு மட்டும் கொடுங்கள். யாருக்குமே வேண்டாம் என்றால் லைன் கொடுத்த கம்பெனியிடமே எழுதிக் கொடுத்து ஐ.எஸ்.டி. வசதியை எடுத்துவிடச் சொல்லுங்கள். நம் மெஷினுக்குள் யார் புகுந்து எதை மாற்றினாலும் எக்ஸ்சேஞ்சில் போட்ட தடை அசையாது.

இதோடு சேர்த்துத் திருட்டு அலாரத்தையும் பாருங்கள். நகைக்கடை, அரிசி ஆலை, குடோன்களில் லேண்ட்லைனோடு இணைத்த ஆட்டோ டயலர் இருக்கும். கதவு உடைந்தால் முதலாளியின் மொபைலுக்குத் தானாக அடிக்கும். அதற்குள் பதிந்து வைத்த எண்ணில் முன்னால் 0 இருக்கிறதா? 2021-க்கு முன் பதிந்ததென்றால் இருக்காது. திருடன் வந்த அன்று அது அடித்து, '0 சேர்த்து டயல் செய்யவும்' என்ற பதிவுக் குரலிடம் போய்ப் பேசிக்கொண்டிருக்கும். ஸ்பீடு டயல் பட்டியலைத் திறந்தால் 95-ல் ஆரம்பிக்கும் பழனி, மதுரை எண்களைக்கூட இன்னும் பார்க்கலாம். பக்கத்து ஊருக்கு 95 போட்டுப் பேசிய காலத்தின் மிச்சம் அவை. துடைத்துவிட்டு 04545, 0452 என்று திருத்துங்கள்.

இனி நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து உள்ளே வரும் வழி. டிஸா என்று நாம் சொல்வது.

இளைய தோழர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒருவர் அலுவலக எண்ணுக்கு அடித்தால் மெஷினே எடுத்து, 'எக்ஸ்டென்ஷன் எண் தெரிந்தால் அழுத்தவும்' என்று சொல்லும். அது பாதி டிஸா, அதில் ஆபத்தில்லை. மீதிப் பாதிதான் கவலை. அதே அழைப்பில் ரகசிய எண் ஒன்றை அழுத்தினால், மெஷின் வெளி லைன் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடும். கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடி முதலாளி திண்டுக்கல் ஆபீஸ் லைனில் டெல்லிக்குப் பேசலாம். செலவு ஆபீஸ் கணக்கில்.

அது வந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. எஸ்.டி.டி. பேசுவதற்கு ராத்திரி கட்டணம் குறையும் வரை மஞ்சள் பலகை பூத் வாசலில் வரிசை நின்ற நாட்கள் அவை. மொபைலில் பேசினால் உள்ளே வரும் அழைப்புக்கும் காசு. எந்த லைனில் பேசினால் மலிவு என்பதே அன்றைக்குப் பெரிய வித்தை. 2006 மார்ச்சில் இந்தியா முழுவதற்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று பி.எஸ்.என்.எல். கொண்டுவந்த நாளிலேயே அந்த வித்தைக்குப் பாதி வேலை போய்விட்டது. இன்றைக்கு மாதக் கட்டணம் கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆபீஸ் லைன் வழியாக வெளியே பேச வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. ஆனால் புரோகிராமில் அந்த வாசல் அப்படியே திறந்து கிடக்கிறது. ரகசிய எண்ணும் மெஷின் பெட்டியிலிருந்து வந்தபோது இருந்த அதே 1234, அல்லது நாம் எல்லா இடத்திலும் போடும் அதே நாலு இலக்கம்.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். மாத பில் எகிறிவிட்டது என்று கூப்பிட்டார்கள். ராத்திரி ஷிப்டில் யாரோ ஊருக்குப் பேசுகிறார்கள் என்று ஸ்பின்னிங் பகுதிப் பிள்ளைகள் மேல் சந்தேகம். ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன்களைக் கூப்பிட்டு விசாரித்தும் விட்டார்கள். மெஷினின் அழைப்புப் பதிவை எடுத்துக் காகிதத்தில் அடித்துப் பார்த்தோம். வழக்கமான வரியில் தேதி, நேரம், எக்ஸ்டென்ஷன், லைன், போன எண், எவ்வளவு நேரம் என்று இருக்கும். ஞாயிறு அதிகாலை வரிகளில் எக்ஸ்டென்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு லைனின் எண் இருந்தது. மூன்றாவது லைன் உள்ளே வந்திருக்கிறது, ஐந்தாவது லைன் வெளியே போயிருக்கிறது. போன எண்ணெல்லாம் 00-வில் தொடங்கி, பேர் கேள்விப்படாத நாடுகளின் குறியீடுகள். ஒன்று முடிந்த அடுத்த நிமிஷம் அடுத்தது. மில்லுக்குள் இருந்த ஒருவர்கூடப் போனைத் தொடவில்லை. அந்தப் பையன்களிடம் சூப்பர்வைசர் வந்து 'தப்பா நினைச்சுக்காதீங்கப்பா' என்று சொன்னபோது, அவர்கள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நூற்பு மெஷின் பக்கம் போய்விட்டார்கள். பில் தொகையைக்கூட நான் மறந்துவிடுவேன், அதை மறக்க முடியவில்லை.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அன்றைக்கு மேனேஜர் கேட்டார். நல்ல கேள்வி. சில நாடுகளில் சில எண்களுக்கு அழைப்பு வந்தால், நிமிடத்துக்கு இவ்வளவு என்று அந்த எண்ணை வைத்திருப்பவருக்குப் பங்கு போகும். அந்த எண்ணை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அடுத்தவர் ஆபீஸ் மெஷின்கள் வழியாக அதற்கே அழைப்பை ஊற்றுகிறார்கள். இன்னொரு வகை, மலிவு விலையில் வெளிநாட்டு அழைப்பு என்று விற்றுவிட்டு அதை நம் மெஷின் வழியாக அனுப்புவது. 2009 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வெளியான குற்றப்பத்திரிகை இந்தத் தொழிலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பிலிப்பைன்ஸில் இருந்த சிலர் பல நாடுகளில் 2,500-க்கும் மேற்பட்ட அலுவலகத் தொலைபேசி அமைப்புகளுக்குள் புகுந்திருக்கிறார்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் நிமிடங்களுக்கு மேல் அழைப்பு, மதிப்பு 5.5 கோடி டாலருக்கு மேல். உடைத்த ஒவ்வொரு அமைப்புக்கும் இத்தாலியிலிருந்து கால் சென்டர் நடத்தியவர்கள் சுமார் 100 டாலர் கொடுத்திருக்கிறார்கள். பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டு மாற்றப்படாமல் இருந்த மெஷின்களாகப் பார்த்துப் புகுந்தார்கள். நூறு டாலருக்கு விலை போகிற பொருளை நாம் பூட்டாமல் விட்டுவிட்டு வருகிறோம்.

வெளி லைன் கொடுக்கும் டிஸாவை அணைத்துவிடுங்கள். லைனிலிருந்து லைனுக்கு மாற்றும் வசதியையும் சேர்த்து அணையுங்கள். 'எங்க ஐயா கேட்பாரே' என்று சொல்வார்கள். ஐயாவிடம் நேரிலேயே பேசுங்கள், மொபைலில் பேசுவதே அவருக்கு மலிவு என்று ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்.

ஐயா இப்போது கேட்பது வேறு. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டே தன் மொபைலில் ஆபீஸ் எக்ஸ்டென்ஷன் அடிக்க வேண்டும் என்கிறார். நியாயமான ஆசை, ஐ.பி. மெஷினில் அது முடியும், செய்து கொடுக்கலாம். எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டும் 201 என்று போட்டு, ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு வந்தால், அன்று ராத்திரியே தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மனிதர் உட்கார்ந்து தட்டுவதில்லை. இணையத்தில் ஒவ்வொரு முகவரியாக அழைத்து, இங்கே போன் மெஷின் இருக்கிறதா, 100-க்கு 100, 101-க்கு 101 பாஸ்வேர்டா என்று சோதித்துக்கொண்டே போகும் புரோகிராம்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகின்றன. திண்டுக்கல் சின்ன ஊர், நம்மை யார் தேடி வருவார்கள் என்ற நினைப்பு அவற்றின் முன் செல்லாது. அவற்றுக்கு எல்லா முகவரியும் ஒன்றுதான்.

வி.பி.என். போட்டு, அதற்குள்ளிருந்து மட்டும் அந்த எக்ஸ்டென்ஷன் பேசும்படி வையுங்கள். பாஸ்வேர்டு நீளமாக, மனிதர் மனப்பாடம் செய்ய முடியாததாக இருக்கட்டும். ஒருமுறை பதிந்தால் போதும், தினமும் அடிக்கப் போவதில்லை. ஒரு நேரத்தில் ஓர் அழைப்புக்கு மேல் அந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து போகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் இணையத் தொடர்பையே ரவுட்டரில் அடைக்கலாம், ஐயா துபாய் போகும்போது மட்டும் திறந்து கொடுங்கள்.

இதில் நம் சொந்த வசதியும் இருக்கிறது, அதையும் பேசித்தான் ஆக வேண்டும். பழனி வரைக்கும் அறுபது கிலோமீட்டர். ஒரு எக்ஸ்டென்ஷன் பெயர் மாற்ற டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் போய் வந்தால் பெட்ரோல் காசுகூடத் தேறாது. அதனால் மெஷினின் வெப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைத்துவிட்டு, வீட்டிலிருந்தே மாற்றிக் கொடுக்கிறோம். வாடிக்கையாளருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தூரத்திலிருந்து வேலை பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, பிழைக்க அது வேண்டும். வேலை இருக்கும்போது அவர்களிடம் சொல்லித் திறக்கச் செய்து, முடிந்ததும் மூடிவிட வேண்டும். எப்போதுமே திறந்திருக்க வேண்டும் என்றால் நம் ஒரு முகவரிக்கு மட்டும் திறக்க வேண்டும். நாம் கண் வைக்காத ராத்திரியில் அந்த வழியில் யார் வந்து போனாலும், 'மெஷின் போட்டவர் யார்' என்ற கேள்வி நம்மிடம்தான் வரும்.

போலீஸ் கேள்வியும் வரலாம். இணையத்தில் வந்த வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் லைனில் இறக்கிவிடுவது, அனுமதியில்லாத எக்ஸ்சேஞ்ச் நடத்துவதற்குச் சமம். 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அனுமதியில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. நடத்தியது யாரோ, லைன் மில்லின் பெயரில். அந்த அழைப்பு ஒரு மோசடி அழைப்பாக இருந்துவிட்டால் ஏமாந்தவரின் மொபைலில் தெரிவது 0451-ல் தொடங்கும் நம் ஊர் எண். அவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் சொல்லும்போது அந்த எண்ணைத்தான் சொல்வார்.

நாம் பூட்டு செய்யும் ஊர்க்காரர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. பட்டறையில் லீவரைக் கையால் அரம் போட்டு ராவி, அதற்கென்று ஒரு சாவி செய்வார்கள். ஒன்றின் சாவி இன்னொன்றில் நுழையாது, அதற்காகத்தான் கோயில்காரர்களும் வங்கிக்காரர்களும் தேடி வந்து வாங்கினார்கள். அதே ஊரில் நாம் மாட்டும் நூறு மெஷினுக்கும் ஒரே சாவி.

ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பாஸ்வேர்டு போடுங்கள். உங்கள் வண்டி எண், மொபைலின் கடைசி நாலு இலக்கம் எல்லாம் வேண்டாம், அவை உங்கள் விசிட்டிங் கார்டிலேயே இருக்கின்றன. போட்டதை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொறுப்பாளர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தயங்குகிறோம். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது, போட்டி அப்படி. ஆனாலும் மெஷின் அவர்கள் காசில் வாங்கியது. ஏற்கெனவே போட்டவர் ஊரை விட்டுப் போய்விட்டார், பாஸ்வேர்டு தெரியாது என்று, ஒரு எக்ஸ்டென்ஷன் மாற்றுவதற்காக முழு மெஷினையும் அழித்துப் புதிதாக எழுதிய வேலையை நாம் எல்லோருமே செய்திருக்கிறோம். பழைய புரோகிராமில் யார் யாருக்கு என்ன இருந்தது என்று தெரியாமல் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்ட அந்த நாளை நினைத்துப் பாருங்கள். தாளில் பாஸ்வேர்டோடு, எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எது திறந்திருக்கிறது, வெளியிலிருந்து வர எந்த வழி இருக்கிறது, அவசர எண் எப்படிப் போகும் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். ரிசப்ஷனில் உட்காரும் பெண்ணுக்குப் புரிய வேண்டும். ஆபத்து நேரத்தில் முதலில் போனை எடுப்பவர் அவர்தான், நமக்கு வேலை சொல்லிக் கூப்பிடுகிறவரும் அவர்தான். எந்த போன் கரகரக்கிறது, எந்த அறையிலிருந்து பதில் வராது என்பதெல்லாம் மேனேஜரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். அவரிடம் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசாமல் எந்த இடத்திலும் வேலையை முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

மறுபடியும் எல்லா மெஷினையும் திறக்க வேண்டிய வேளை வரலாம். லேண்ட்லைனிலிருந்து லேண்ட்லைனுக்குப் பேசினாலும், உள்ளூராகவே இருந்தாலும், 0 போட்டு எஸ்.டி.டி. குறியீட்டோடு சேர்த்தே அடிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வந்தால், பேகம்பூரிலிருந்து நாகல் நகருக்குப் பேசவும் 0451 போட்டாக வேண்டும். 'உள்ளூர் மட்டும்' என்று ஏழு இலக்கத்துக்கு மட்டும் திறந்து வைத்த எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையும் அன்றைக்கு ஊமையாகும், 2021 ஜனவரி மாதிரியே போன் மேல் போன் வரும். அந்த அவசரத்தில் மறுபடியும் ஏதோ ஒரு தாழ்ப்பாளைக் கழற்றிவிடாமல் இருக்க, இப்போதே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

பழனியில் இருக்கும் தோழர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்களால் அடிவாரத்து லாட்ஜுகள் நிரம்புவதற்கு முன், நீங்கள் மாட்டிய ஒவ்வொரு லாட்ஜிலும் ஏதாவது ஓர் அறைக்குள் போய் ரிசீவரை எடுத்து 108 அடித்துப் பாருங்கள். டவுனில் மருத்துவமனைகளையும் பள்ளி விடுதிகளையும் நான் எடுத்துக்கொள்கிறேன், யார் சேர்ந்துகொண்டாலும் பகுதி பிரித்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைக்குக் காசு வாங்க வேண்டாம் என்பது என் விருப்பம். எண் வரிசை மாற்றும் வேலைக்கு வழக்கமான கூலியை வாங்கிக்கொள்ளுங்கள். ஏதாவது மெஷினில் அவசர எண் பட்டியல் எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை என்றால் மாடலைச் சொல்லிக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
திண்டுக்கல்